போர் நீங்கலாக

எலிஃபண்டாவில் இறங்கியவர்கள் எல்லாம்
குகைக்குப் போகிறார்கள், மூன்று முகத்துச் சிவனைப் பார்க்க.
நானும் எஸ்தர் குணசீலியும் மட்டும்
மேட்டுப் பாதையில் பிரிகிறோம்.
"அங்க என்னடி இருக்கு?"
பீரங்கி என்றேன்.
"ஒரு பீரங்கிக்கு இவ்வளவு வேர்வையா?"

ஏப்ரல் கடைசி.
காற்று கடலிலிருந்து வரவில்லை, கல்லிலிருந்து வருகிறது.
பாதி வழியில் சுனந்தாபாய்
மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் தடவி நீட்டுகிறாள்.
குரங்கு பறிக்குமுன் தின்று முடிக்கணும்,
அது ஒன்றுதான் அவள் நிபந்தனை.

மேலே
வட்டக் குழிக்குள் கிடக்கிறது இரும்பு.
வாயருகே யோகேஷ் பிங்கியைக் காதலிக்கிறான்,
ஆணியால்.
அடியில் நிலவறைகள். குண்டு அடுக்கியிருந்தார்களாம்.
இப்போது மூன்று ஆடுகள், ஒற்றைச் செருப்பு, வௌவால் வாடை.
எப்போதாவது சுட்டதா என்று கேட்டேன்.
சுனந்தாபாய்க்குத் தெரிந்து இல்லை.
அவள் மாமியாருக்குத் தெரிந்தும் இல்லை.

குழாயின் பின்னால் குந்தி
அது பார்க்கும் திசையில் பார்த்தேன்.
கடல்.
எதிரி வருவான், வருவான் என்று
வெளியே பார்த்தபடியே துருப்பிடித்திருக்கிறது.
அதன் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது எல்லாம்.

தாரண வருஷம், சித்திரை பிறந்த கையோடு,
விக்டோரியா டாக்கில் ஒரு கப்பல்.
கராச்சியில் ஏற்றிய பஞ்சு,
அதே வயிற்றில் வெடிமருந்து,
கொஞ்சம் தங்கமும்.
மதியம் புகைந்தது.
நாலு மணிக்குமேல் கப்பல் இல்லை.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்று
தூத்துக்குடி ஹாஸ்டல் வார்டன்
தினமும் எங்களிடம்தான் சொன்னார்,
தாவணியைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு.
சொல்லியிருக்க வேண்டிய இடம் வேறு.

பதினாறு வருஷமாகச் சரக்குக் காப்பீட்டு சர்வேயர் நான்.
நனைந்த அரிசி, நசுங்கிய ஃப்ரிட்ஜ்,
நடுக்கடலில் முளைவிட்ட வெங்காயம்,
எதற்கும் என்னிடம் ஒரு எண் உண்டு.
பாலிசியின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு வரி:
போர் நீங்கலாக.
அதற்குமேல் நாங்கள் படிப்பதில்லை.

அன்று மஸ்ஜித் பந்தர் கூரைகளில்
எரியும் பஞ்சுப் பொதிகள் விழுந்தன.
தங்கமும் விழுந்தது என்பார்கள்.
தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது;
ஆண்டுகள் கழித்துத் தூர்வாரும்போது
சேற்றில் அகப்பட்டதைக்கூடத் துடைத்து, நிறுத்து, எழுதிக்கொண்டார்கள்.
மூட்டை தூக்கியவர்களின் கணக்கு
'சுமார்' என்று ஆரம்பிக்கிறது.
நான் சுமார் என்று எழுதினால்
அறிக்கை அன்றைக்கே திரும்பி வரும்.

இதையெல்லாம் எஸ்தரிடம் சொன்னேனா,
மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேனா, நினைவில்லை.
அவள் ஒரு கூழாங்கல்லை எடுத்துக்
குழாய் வாய்க்குள் போட்டாள்.
உருண்டது, உருண்டது,
எங்கோ போய் 'ணங்' என்றது.
கீழே ஓர் ஆடு கத்தியது.
"சுட்டாச்சு. போவோமா?"

திரும்பும் படகில் கடற்பறவைகளுக்குச்
சிப்ஸ் எறிகிறார்கள் குழந்தைகள்.
டாக் பக்கத்துப் பெஞ்ச் முழுக்கக் காலி,
வெயில் முகத்தில் அடிப்பதால்.
அங்கே போய் உட்கார்ந்தோம்.
தூரத்தில் கிரேன்கள்,
மதிய உணவுக்குப் பிறகு எழ மனமில்லாதவை போல.
எஸ்தர் பதினொரு வருஷம் தீக்காய வார்டில் இருந்தவள்.
கிரேன்களைப் பார்க்காமல்
தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.
"நீங்கலாகன்னா," என்றாள் கொஞ்சம் கழித்து,
"யார் நீங்கலாக?"

அதற்குள் சிக்னல் வந்துவிட்டது.
நாளைக் காலை நாவா ஷேவாவில் ஒரு கன்டெய்னர்.
பஞ்சு. ஈரம் ஏறிவிட்டதாகப் புகார்.
பக்கத்தில் என்ன சரக்கு வைத்திருந்தீர்கள் என்று
கேட்டு அனுப்பினேன்.
மாங்காய்க் காரம் இன்னும் உதட்டில் எரிகிறது.
பதில் வரவில்லை.