நாலாவது விசை

ஐந்து மைக். ஐந்து விசை.
இடமிருந்து டூலி, ஹென்ரீக்கா, மின்னா மரி,
நாலாவது சாய்யா,
கடைசியில் யோன்னா.
பச்சை ஒட்டுநாடாவில் பெயர்களை எழுதி
நான்தான் ஒட்டினேன்.

நாடு ஓட்டுப்போட்டுப் பொறுக்கியெடுத்த ஐவர்.
'வீசி' என்று பெயர் வைத்தார்கள்.
எங்கள் மொழியில் ஐந்து.
அவ்வளவுதான் யோசித்தார்கள்.

மார்ச் மாத ஞாயிறு, வெளியே பனி கூழாகிக் கிடக்க
ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து அழுததை
ஹெல்சின்கியிலிருந்து வடகோடிவரை
சாப்பாட்டுத் தட்டும் கையுமாகப் பார்த்தார்கள்.
முந்தின நாள்வரை அதில் இருவருக்குப் பேச்சே இல்லை.
அழுகையைக் கொஞ்சம் ஏற்றி வை என்றார்கள்.
வைத்தேன்.

ஏப்ரலில் மேலாளர் கிறிஸ்டெர்
காபிக் கோப்பையை என் பலகைமேல் வைத்தார்
(வைக்கவே கூடாத இடம்).
நாலாவதை இறக்கிவிடு.
எவ்வளவு?
அடிவரைக்கும்.
அவளுக்கு முகம் இருக்கிறது, கோவ்வோலாவில் ஓட்டும் இருந்தது,
பாட மற்ற நாலு பேர் இருக்கிறார்கள்.
அவளுக்குத் தெரிய வேண்டாம்.

காலடிப் பெட்டியில் அவள் குரல்
அவளுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது.
சபைக்கு இல்லை.
பதினோரு மாதம்.
லாஹ்தியில் கார்க் கடைத் திறப்பு.
ஒரு பல் மருத்துவர் சங்கத்து விருந்து.
துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில்
சூதாட்டப் பெட்டிகள் காசு துப்பும் ஓசைக்கு நடுவே
கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள்.

ஒவ்வொரு மாலையும் சோதனை நேரத்தில் கேட்பாள்:
ரெய்மோ, நான் கேட்கிறேனா?
நன்றாகக் கேட்கிறாய் என்பேன்.
பொய்யில்லை. எனக்குக் கேட்டது.
ஹெட்போனில் நாலாவதை மட்டும் தனியே திறந்தால்
சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே,
கதவைத் தட்டக் கை தூக்கியவள்
தட்டாமல் நிற்பதுபோல் ஒரு குரல்.

நவம்பரில், அதே கப்பலில்,
நால்வரும் சிறகு சிறகு என்று பாட
அவள் அதே மெட்டில், அதே சிரிப்போடு
பாடினாள்:
கையெழுத்துக் கேட்ட சிறுமி சொன்னாள் ரெய்மோ,
அக்கா நீங்கள் ஆட மட்டும் செய்வீர்களா என்று,
எத்தனை மாதமாய்த் தூங்குகிறது என் விசை?

நிமிர்ந்தேன்.
கூட்டத்துக்குக் கை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ராத்திரிதோறும் எனக்கு ஒரு கடிதம்.
யோன்னா கழிவறையில் அழுகிறாள்.
கிறிஸ்டெருக்கு நூற்றில் நாற்பது, தெரியுமா.
முழங்கால் வலி. வாடகை பாக்கி.
உன் சட்டையில் கடுகுக் கறை.
எதுகைகூடத் தப்பாமல்.
நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.
வேலை போய்விடும்.
போயிருந்தால் என்ன என்று
இப்போது கேட்பது சுலபம்.

பிப்ரவரியில் கோட்கா, அங்காடிக் கூடம்,
மேடைக்கு இடப்பக்கம் மீன் கடை.
நாற்பது பேர் இருக்கலாம்,
பாதிப்பேர் நகர்படிக்கட்டுக்குக் காத்திருந்தவர்கள்.
என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை.
விரல் போய்விட்டது.
அடியிலிருந்து முழுதாக.

இந்த நாற்றம் தாங்கல ரெய்மோ
என்று கோட்கா முழுக்கக் கேட்டது.

மீன்காரர் கத்தியோடு திரும்பினார்.
ஒரு குழந்தை சிரித்தது.
நால்வரும் நிறுத்திவிட்டார்கள்;
பின்னணி இசை மட்டும், அது பதிவுதானே,
வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.
சாய்யா கையால் வாயைப் பொத்தினாள்.
மேலே, கூரையில் தொங்கிய ஸ்பீக்கரை
அண்ணாந்து பார்த்தாள்.
பிறகு மைக்கைக் கிட்டே கொண்டுவந்து
மெதுவாகச் சொன்னாள்:

எவ்வளவு பெரிசு.

கிறிஸ்டெர் கூட்டத்தை விலக்கி
என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்,
கையில் காபிக் கோப்பை,
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்.