பங்கேற்பாளர் ஏழு

மணிக்குப் பதினாறு யூரோ.
பியானோ முன் உட்காரும்போதே
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிடுவேன்.
யார் வந்தாலும் கூட வாசிப்பேன்:
காலையில் டிராம்போன், மதியம் இரண்டு வயலின்,
ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து
லியூப்லியானாவின் பாலங்களை
ஒவ்வொன்றாக விழுங்கும் நேரத்தில்
ஓபோவைத் தூக்கிக்கொண்டு பொலோனா.

முதுகலை, இரண்டாம் ஆண்டு.
வாசிப்புக்குப் பாதி மதிப்பெண், ஆய்வேட்டுக்கு மீதி.
"உதடு பாதி, அடிக்குறிப்பு பாதி" என்பாள்
நாணலைச் சீவிக்கொண்டே.
சீவிய தூள் என் கறுப்புக் கட்டைகளில் விழும்.
ஒரு நாணலுக்கு ஆயுள் பத்து நாள்.
அதிலும் நல்லது
தேர்வுக்கு முந்தின இரவுதான் சாகும்.

அவள் ஆய்வு, ஸ்வரத்துக்கு முன்னால் வரும் மூச்சு.
அதில் கேள்வி எங்கே இருக்கிறது என்று
மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.
நான்காம் முறை, சலித்துப்போய், சரி என்றார்கள்.
விலாவைச் சுற்றி ஒரு பட்டை கட்டிக்கொண்டாள்.
"உனக்கும் ஒன்று."
"நான் கட்டையை அமுக்குகிறவன்.
எனக்கெதற்கு மூச்சுக் கணக்கு?"
"ஒப்பிட ஆள் வேண்டும். கையெழுத்துப் போடு."

படிவத்தில் இருந்தது:
பெயர் வெளியிடப்படாது.
எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம்.
என் கல்யாணத்தில்கூட
இவ்வளவு தாராளமாக யாரும் எழுதித் தரவில்லை.
போட்டேன்.

பதினோரு வாரம். இருநூற்றுப் பதினான்கு பதிவுகள்.
பட்டை வியர்த்தது, அரித்தது, பிறகு மறந்துபோனது.

வாய்மொழித் தேர்வன்று
சம்பளமில்லாத ஒரு மணி நேரம்
கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல்.
திரையில் இரண்டு கோடுகள்.
"நீலம் நான். சாம்பல், பங்கேற்பாளர் ஏழு."
படம் மாறியது, மாறியது, மாறிக்கொண்டே போனது.
எல்லாவற்றிலும் சாம்பல்தான் முதலில் ஏறியது.
ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.
நீலம் அதைப் பார்த்துவிட்டு
எழுந்திருப்பது போல இருந்தது.

"நான் எங்கே மூச்செடுக்கிறேன் என்று தேடப் போனேன்.
ஏழு எடுத்த இடத்தில் எடுக்கிறேன்."

கிராட்ஸிலிருந்து வந்த தேர்வாளர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்படியானால் இது யாருடைய வாசிப்பு?"
"அது தெரியாமல்தான்
மூன்றாம் அத்தியாயம் நாற்பது பக்கம் நீண்டுவிட்டது."
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
"ஏழுக்குத் தெரியுமா?"
"தெரியாது.
தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்று
நெறிமுறைக் குழு தடுத்துவிட்டது."

என் பக்கம் அவள் திரும்பவேயில்லை.
கோட்டுக்குள்
விலாவில் இப்போது எதுவும் கட்டியிராத இடம்
இறுகியது.

மாலையில் கச்சேரி.
மெதுவான இரண்டாம் பகுதி.
தெரிந்துபோனது அல்லவா.
கை கட்டைமேல் இருக்கிறது,
மூச்சு எங்கே இருக்கிறதென்று தேடுகிறேன்.
இழுக்கலாமா, இப்போதா, இல்லை இப்போதா.
உதட்டில் நாணலோடு
அவள் புருவம் மட்டும் என் பக்கம் அசைந்தது.
அரங்கில் ஈரக் குடைகளின் வாசனை.
மூன்றாம் வரிசையில் யாரோ ஒருவர்
அடக்கி அடக்கிப் பார்த்து, இருமினார்.

அந்த இருமலில்
இருவரும் நுழைந்தோம்.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு குறுஞ்செய்தி:
"அவரிடம் கையெழுத்து வாங்க விட்டுப்போச்சு."

மாதக் கடைசியில் அலுவலகத்துக்குக் கணக்குத் தர வேண்டும்.
டிராம்போன், நான்கு மணி. வயலின், ஆறரை.
ஓபோ என்று எழுதி,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணியையும்
சேர்த்து, அடித்து,
மறுபடி சேர்த்தேன்.
காரணம் எழுதும் கட்டத்தை
வெறுமனே விட்டேன்.