புருவம்

முருகன்குறிச்சி மாடியறையில்
ஒரு பெண்ணை வரைந்துகொண்டிருந்தேன்.
எந்தக் கட்சி நிறமும் சேலையில் வரக்கூடாது என்று
கொக்கிரகுளம் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.
வெங்காயத் தோல் நிறம் கிடைப்பதற்குள்
ஒரு வாரம் போயிற்று.

அவளுக்குக் குரல் கிடையாது.
கைகள் பேச வேண்டும்:
ஆறு வருகிறது. மேலே ஏறு. இப்போதே.
நொடிக்கு இருபத்துநாலு படம்,
இருபத்தேழு நொடி.
பெருக்கினால் அறுநூற்று நாற்பத்தெட்டு ஜோடிக் கை.

அணையில் மதகு உயர்ந்ததும்
காது கேளாதவர்களின் தலையணைக்கடியில்
போன் துள்ளும்;
திரையில் இவள் நிற்பாள்.
காகிதத்தில் திட்டம் அவ்வளவுதான்.

பார்த்துச் சொல்ல வந்தவள் ஜெபக்கனி.
சிந்துபூந்துறைக்காரி,
மாவு மில்லில் கணக்கு எழுதுகிறாள்.
அந்த இரைச்சலில்
அவள் ஒருத்திக்குத்தான் தலைவலி இல்லை.

ஒருமுறை பார்த்தாள். திரும்பவும் ஓட்டச் சொன்னாள்.
பிறகு தன் போனில் தட்டி நீட்டினாள்:
"கை சரி. முகம் தூக்கம்.
இந்த அக்கா வெள்ளம் சொல்லலை.
கல்யாணத்துக்கு வாங்க சொல்லுது."

நான் சிரித்தேன்.
அவள் சிரிக்காமல் மேசைக்கு எதிரே வந்து நின்று
அதே மூன்றையும் செய்தாள்.
புருவம் ஏறி, கண் அகன்று,
கன்னத்தில் அடைத்த காற்று
உதட்டில் வெடித்தபோது
என் நாற்காலி
சுவரில் போய் இடித்திருந்தது.

நான் புருவத்தை
அழகுக்காக வரைந்திருந்தேன்,
மூன்றாம் பிறை மாதிரி.
அவளுக்கு அது இலக்கணம்.
கேட்பதா, சொல்வதா, கெஞ்சுவதா, விரட்டுவதா
எல்லாம் நெற்றிக்குக் கீழே
அந்த ஒரு விரற்கடையில்.

போன வெள்ளத்தில்
மைக் கட்டின ஆட்டோ
அவள் தெருவில் மூன்று தடவை போனதாம்.
"எனக்குப் பாய் சொல்லிச்சு" என்று எழுதினாள்.
முதுகுப் பக்கம் நனைந்து.

என் ஆற்றுக்கு நீலம் பூசியிருந்தேன்.
போவதற்கு முன்
அதையும் நகத்தால் தட்டிக் காட்டி,
ஆறிப்போய் ஆடை படர்ந்து நின்ற
என் டீக் கிளாஸைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பன்னிரண்டு ராத்திரி.
கண்ணாடியைக் கம்ப்யூட்டரில் ஒட்டி
என் புருவத்தையே தூக்கித் தூக்கி வரைந்தேன்.
கீழ்வீட்டு செய்யது மசூது
கதவிடுக்கில் எட்டிப் பார்த்து,
"என்ன வே, ஒத்தையில இருந்து
யாரை மெரட்டுதீரு?" என்றார்.

கடைசிக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.
தட்டி முடித்துவிட்டு,
பணம் தந்த கம்பெனியின் முத்திரை
துறையின் முத்திரை
திட்டத்துக்கென்றே செய்த புது முத்திரை
மூன்றையும் ஓரமாகப் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
அவள் இடது கை மறைந்தது.

இடது உள்ளங்கைதான் படிக்கட்டு.
வலது கையின் இரண்டு விரல் அதில் ஏற வேண்டும்.
இப்போது விரல்கள்
வெறும் வெளியில் கால் உதைத்தன.

"கொஞ்சம் தெரியுதே, போதாதா?"
என்றார் அதிகாரி.
அவர் சொன்னதை அவள் எப்படிப் பிடித்தாளோ.
எழுந்து போய்
மேசையில் இருந்த அவர் பலகையின் பாதியில்
மில் கணக்கு நோட்டைச் சாத்தி வைத்தாள்.
'உதவி இயக்குநர்' என்றிருந்ததில்
'உதவி' மட்டும் நின்றது.

அவர்தான் முதலில் சிரித்தார்,
அதைச் சொல்லிவிட வேண்டும்.
முத்திரைகள் மூன்றும்
கைகள் ஓய்ந்தபின் வரும் இரண்டு நொடிக்கு
ஒதுங்கிப் போயின.

நேற்று ஒத்திகை.
சொன்னால் முழித்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று
யாருக்கும் நேரம் சொல்லவில்லை.
பாபநாசம் பக்கம் நிஜமாகவே மின்னியது.
இரண்டே கால் மணிக்கு அனுப்பினோம்.

இரண்டு பதினேழுக்கு
சிந்துபூந்துறையிலிருந்து வந்தது:
"மொட்டை மாடில நிக்கேன்.
ரொம்பப் பயந்துட்டேன்.
நல்லா இருக்கு."