பிரேக் பிடிக்காத லாரிகள்

பதினாறு எபிசோட் தொடரில்
எப்படியும் ஒருமுறை நான் வந்துவிடுவேன்.
பன்னிரண்டுக்கு மேல்.
அவன் பழி தீர்த்தாயிற்று, அவள் மன்னித்தாயிற்று,
நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு,
இருவருக்கும் நடுவே நாலே நாலு வெள்ளைக் கோடுகள்.
அப்போது வருவேன்,
முகப்பு விளக்கு இரண்டும் கண்ணில் அடிக்க,
முகமே இல்லாமல்.

பூசானில் ஏற்றி இன்சியோனில் இறக்குகிறவன் நான்.
பதினெட்டு வருஷம். பதினொரு டன்.
சில்கொக் ஓய்வு நிலையத்தில்
மாட்டெலும்பு சூப் ஆறும்வரை
கைபேசியைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்துப் பார்ப்பேன்.
எதிரே பியோ தோங்சுக், சிமென்ட் லாரிக்காரன்,
தலைகீழாகப் பார்ப்பான்.
"டயர் தடம் எங்கேடா?" என்பான் ஒவ்வொரு முறையும்.
"ஈர ரோடு, எண்பதில் வர்றான்,
மனுஷன் ஒரு தடவைகூடவா மிதிக்கமாட்டான்?"

மற்றபடி நான் பெரிதாகக் குறை சொல்கிறவன் இல்லை.
பணக்காரப் பையனின் அம்மா
ஏழைப் பெண்ணின் முகத்தில் தண்ணீர் ஊற்றுவது
இன்னும் அலுக்கவில்லை. ஊற்றட்டும்.
மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கிறானே, அதுதான் ஆகாது.
என் மகளாக இருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பாள்.
அப்புறம் அந்த ஏழைப் பெண்ணின் மொட்டைமாடி அறை.
ஜன்னலைத் திறந்தால் சோல் நகரம் மொத்தமும் மினுங்குகிறது.
அந்த வாடகைக்கு எனக்கும் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்.
கதறி அழும்போதும்
சாண்ட்விச்சின் லேபிள் கேமராவுக்குத் தெரியப் பிடிக்கிறாள்.
அதுவும் ஒரு நடிப்புதான்.

மாதம் ஒருமுறை லாரியோடு கப்பலேறி ஷிமோனோசெகி போவேன்.
அங்கே சரக்குச் சீட்டு சரிபார்க்கும் குனியேதா
எங்கள் தொடர்களுக்கு அடிமை.
என் மொழியில் "பைத்தியமா உனக்கு" மட்டும்
அட்சர சுத்தமாகப் பேசுவாள்.
அவள்தான் ஜப்பான் தொடர்களின் பெயர்களை
ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்தாள்.

முதலில் பிடிக்கவில்லை.
பத்தே எபிசோடில் எழுந்துவிடுகிறார்கள்,
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே
பேசிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி.
காதலைச் சொல்ல வாயெடுப்பான். ரயில் போகும்.
ரயில் போனபின் "குளிருது, இல்லையா" என்பான்.
அடேய், அடுத்த ரயில் வருவதற்குள்
சொல்லித் தொலையேன்!
ஒரு முட்டை தின்ன மூன்று நிமிஷம்.

ஆனால் மார்ச்சில் பார்த்த ஒன்றில், ஏழாம் எபிசோடில்,
ஒரு லாரி டிரைவர் வருகிறான்.
கதைக்குச் சம்பந்தமே இல்லை.
பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்துகிறான்.
சோற்றுருண்டையின் பிளாஸ்டிக்கைப் பிரிக்கிறான்.
வீட்டுக்குப் போன் போடுகிறான், யாரும் எடுக்கவில்லை.
கண்ணாடியைத் துடைக்கிறான், உள்பக்கமாக.
போய்விடுகிறான்.
நாலு நிமிஷம்.
திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.
சூப் ஆறி ஆடை கட்டியது.
பியோ எட்டிப் பார்த்தான்: "செத்தது யாரு?"
யாருமில்லை என்றேன்.

அக்டோபரில், கிம்சோனில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடம்.
மழை. வெங்காய லோடு.
காற்று பிடுங்கிய குடைக்குப் பின்னாலேயே
ஒரு பெண் சாலைக்குள் ஓடி வந்தாள்.
மிதித்தேன்.
பதினொரு டன்னும் என் முதுகில் வந்து உட்கார்ந்தது.
நின்றபோது அவளுக்கும் பம்பருக்கும் நடுவே
ஒரு குடை விரிக்க இடமிருந்தது.
பின்னணி இசை இல்லை.
எவனும் ஓடிவந்து அவளைச் சுழற்றித் தாங்கவில்லை.
கண்ணாடி வழியே நேராக என் முகத்தைப் பார்த்தாள்.
இரண்டு முறை குனிந்து வணங்கினாள்,
குடையைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.
வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது.
கியர் போட நாற்பது நிமிஷம் கை வரவில்லை.

அடுத்த கப்பலில் குனியேதாவிடம்
பாதி சைகையும் பாதி வேர்வையுமாக இதைச் சொன்னேன்.
"பைத்தியமா உனக்கு" என்றாள், மிக மெதுவாக,
வேறு சொல் தெரியாததால்.
பிறகு ரசீதைத் திருப்பி இன்னொரு பெயர் எழுதினாள்.
எங்கள் ஊர்த் தொடர்தானாம், இருபது எபிசோடாம்.
காற்றில் ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டி,
கடைசியில் லாரி உண்டா என்று கேட்டேன்.
பேனாவைக் கடித்தபடி யோசித்தாள்.
இரண்டு விரலைக் காட்டினாள்.