பன்னிரண்டு கிராம்

மீன்சினை நிறுக்கும் தராசில்
அதை வைத்தேன்.
சூரியத் தகடு இரண்டு,
தலைமுடி போல ஒரு கம்பி,
நகத்தளவு சில்லு:
பன்னிரண்டு கிராம்.
பக்கத்துத் தட்டில் காட் மீனின் ஒற்றை நாக்கு
இருபது.

நார்வேயின் கடைசித் தீவு இது.
அப்புறம் பேரன்ட்ஸ் கடல்,
அதற்கப்புறம் ரஷ்யா.
குன்றின் மேல் ஒரு வெள்ளைக் கோளம்,
எங்கள் தேவாலயத்தைவிடப் பெரியது.
உள்ளே என்ன என்று யாரும் கேட்பதில்லை.
வானிலை ஆராய்ச்சி என்றார்கள் முன்பு.
சரி என்றோம்.
அது காற்றை மறைக்கும் பக்கத்தில்
துணி காயப்போடுகிறோம்.
பறக்கத் தெரியாத பலூன் என்று
என் மகன் அதற்குப் பேர் வைத்திருக்கிறான்.

அக்டோபரில், காற்று கொஞ்சம் கண்ணயர்ந்த காலையில்,
மீன்கிடங்கின் பின்னாலிருந்து விட்டேன்.
பாதிகூட நிரப்பவில்லை.
இங்கே தொய்ந்து கிடந்தால்தான்
மேலே போய் விம்ம இடமிருக்கும்.
இங்கேயே புடைத்தது அங்கே வெடிக்கும்.

பதிமூன்று கிலோமீட்டரில் ஏறுவதை நிறுத்தியது.
பிறகு கிழக்கே போயிற்று.
எல்லை எங்கே என்று நான் சொல்லியனுப்பவில்லை.

அதற்குக் கண் கிடையாது.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றே செய்தி:
இங்கே இருக்கிறேன்.
குளிர்கிறது.
வெயில் உண்டு.
வெயில் போனால் பேச்சும் போகும்,
பாட்டரி பாரம் என்று நான்தான் வைக்கவில்லை.
அதனால் ஒவ்வொரு இரவும் செத்தது.
ஒவ்வொரு விடியலிலும் முகம் தெரியாத யாரோ
அதன் குரலைப் பிடித்து எனக்கு அனுப்பினார்கள்:
யாகுட்ஸ்கில் ஒரு பல் மருத்துவர்,
ஹொக்கைடோவில் ஒரு படகுக்காரர்,
அலாஸ்காவில் பேர் சொல்லாத ஒருத்தி.

எங்கள் தீவில் சூரியன் போய்விட்ட வாரம்
அது இரண்டாம் சுற்றில் இருந்தது.

வானொலியில் வேறொரு நாட்டின் அமைச்சர்:
அடையாளம் தெரியாத பொருள்,
சிறிய கார் அளவு,
வடக்கே, பனிக்கடலின் மேல்,
வீழ்த்தப்பட்டது.
அவர் குரலில் நிம்மதி.
என்னுடையது சாப்பாட்டு மேசை அளவு.
பயத்தை அளக்கும் கோல் வேறு போலிருக்கிறது.

கடைசிக் குரலுக்கும் அந்த ஏவுகணைக்கும் நடுவே
பதினேழு நிமிடம்.
அது சாவாக இருக்கலாம்.
அங்கே வெறுமனே
சாயங்காலமாகவும் இருக்கலாம்.

எழுதிக் கேட்டேன்.
அது என்னுடையதாக இருக்கக்கூடும்,
விலை ஆயிரத்து எண்ணூறு குரோனர்,
பணம் வேண்டாம், பதில் போதும் என்று.
உங்கள் அக்கறைக்கு நன்றி என்றது பதில்.
உறுதி செய்யவும் இயலாது,
மறுக்கவும் இயலாது.
கையொப்பம் மட்டும் தெளிவாக இருந்தது.

ஐலெர்ட்டுக்குக் குன்றில் வேலை.
என்ன வேலை என்று அவன் மனைவிக்கும் தெரியாது.
ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன்
திரும்பாமலே சொன்னான்:
"அன்னைக்கு உன்னுது கொஞ்சம் கோணலாத்தான் ஏறுச்சு, சோல்ஃப்ரிட்."

கிடங்கின் பின்னால் அன்று
நானும் இரண்டு கடற்காகமும் மட்டுமே இருந்தோம்.

"சரி, கடைசியில?" என்றேன்.

ரொட்டியைப் பார்த்தான்.
கட்டைவிரலால் அழுத்தினான்,
பள்ளம் மெல்ல மேலே எழும்வரை காத்திருந்தான்.
"வியாழக்கிழமை காத்து நல்லாருக்கும்" என்றான்.
மீதிச் சில்லறையை எண்ணாமல்
பையில் போட்டுக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை.
இம்முறை பதினொரு கிராம்.
வெப்பமானியைக் கழற்றிவிட்டேன்;
குளிர்கிறது என்று
அது சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.
இருட்டில்தான் விட வேண்டும்.
வெயில் இருக்கிற தேசம் வரும்வரை ஊமையாகவே போகும்,
யாருக்கும் தெரியாமல்,
குன்றைத் தவிர.

அந்தப் பக்கம் பார்த்துக் கையசைக்கலாமா என்று நினைத்தேன்.
கையில் கயிறு இருந்தது.