பொழிச்சலூர் இடைவெளி

எங்கள் தெருவில் வாக்கியங்கள் பாதியில் நிற்கும்.
விமானம் போகும்வரை திறந்த வாயோடு காத்திருந்து
விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம்.
ஆடியில் தலைக்கு மேல் ஏறும், ஐப்பசியில் இறங்கும்.
புதிதாகக் குடிவந்தவர்கள் கத்திப் பேசுவார்கள்.
ஆறு மாதத்தில் அவர்களுக்கும் பழகிவிடும்.

வங்கிக்காரர் வீடு பார்க்க வந்த அன்று
"அறுபது லட்சம், ஒருவேளை வேலை கிடைக்காவிட்டால் இந்த வீட்டை…" என்றார்.
அந்த நேரம் பார்த்து கோலாலம்பூர் விமானம்.
முழுக்கேள்வியும் வந்து சேர்வதற்குள்
அப்பா தலையை ஆட்டிவிட்டார்.
டிப்போவில் முப்பது வருடம் என்ஜின் கேட்ட காது.

உரிமத்தில் பெயர்: சு. மரகதவல்லி.
பறந்தது இருநூற்று ஆறு மணி நேரம்,
பெரும்பாலும் வடக்கே ஒரு பொட்டல் ஓடுபாதையில்,
நாய் குறுக்கே வந்தால் மறுபடி ஒரு சுற்று.
விளம்பரங்கள் கேட்டதோ ஐந்நூறு.
வேலை இருந்தால்தான் பறக்கலாம்,
பறந்திருந்தால்தான் வேலை.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்
என்று சொல்லிச் சிரித்தான் கூடப் படித்த ரிஸ்வான்.
அப்போது அவன் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான்.
எனக்கும் ஒன்று விற்றான்.

இரண்டு வருடம் நான்கு மாதம்
உள்நாட்டு முனையத்தில் பெட்டி எடை போட்டேன்.
பதினேழு கிலோ, இரண்டு கூடுதல்,
தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து
ஒரு பெரியவர் இரண்டு சட்டைகளை
ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நின்றார்.
"இப்ப சரியாம்மா?"
சரி என்றேன். சரியில்லைதான், ஆனாலும்.
"பைலட்டுக்குப் படிச்ச பொண்ணு" என்று அறிமுகப்படுத்துவாள் சித்தி,
படிச்ச என்பதில் கொஞ்சம் அழுத்தி.
ஐந்தாம் தேதி தவணை,
ஆறாம் தேதி மருத்துவச் சான்றுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவோம்.

ஹெப்சிபாவுக்குப் பெங்களூரில் கிடைத்தது.
வாழ்த்திவிட்டு, குளியலறையில்
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
உடனே மூடினேன்.
தண்ணீர் லாரி வர இரண்டு நாள் இருந்தது.

பிறகு ஒரு சின்னக் கம்பெனி,
மூன்றே மூன்று விசிறி விமானங்கள்:
சேலம், தூத்துக்குடி, கடப்பா,
காற்று அனுமதித்தால் யாழ்ப்பாணம்.
கிண்டியில் ஏழாவது மாடி, தடித்த கண்ணாடி.
"பெரிய கம்பெனிக்கு ஏன் காத்திருக்கவில்லை?"
"காத்திருந்தேன்."
ஜன்னலில் ஒரு விமானம் தெரிந்தது. சத்தமே இல்லை.
ஆனாலும் நான் நிறுத்திவிட்டேன்.
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
பதில் மறந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார்.
ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் மட்டும்
பேனாவை நிறுத்தியிருந்தாள்.
வெளியே வரும்போது கேட்டாள், "பம்மலா?"
"பொழிச்சலூர்."
"நான் அனகாபுத்தூர்" என்று லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

ஐந்து வருடப் பத்திரம்.
பயிற்சிச் செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.
முதல் மாதம் கைக்கு வந்தது
பெட்டி எடை போட்டதைவிட நானூறு ரூபாய் குறைவு.
அப்பா எண்ணிப் பார்க்கவில்லை.
நான் எண்ணினேன்.

இன்று ஆறு பத்துக்குத் தூத்துக்குடி.
வலது இருக்கை எனது. மேல்காற்று.
எங்கள் தெருவுக்கு மேல்தான் ஏற வேண்டும்.
கேப்டன் கை வைத்து இழுக்கிறார்;
ஏறுகிறது என்று சொல்லவேண்டியவள் நான்.
சொன்னேன்.
மொட்டைமாடியின் நீலத் தொட்டியைத் தேடவில்லை.
வேகம், உயரம், சக்கரம்,
கண்ணுக்கு அதற்கே நேரம் போதவில்லை.

பால் வாங்கும் நேரம்.
கீழே யாராவது யாரிடமாவது
"அந்தப் பணத்தை எப்போ…" என்று நிறுத்தியிருப்பார்கள்.
கேட்டவர் வாய் திறந்தபடி,
கேட்கப்பட்டவர் வானத்தைப் பார்த்தபடி.
பத்து நொடி.
அதற்குமேல் தர என்னிடமும் இல்லை.