இரண்டு மட்காட்

முழங்காவிலில் ஒரு சிவப்பு உழவு இயந்திரம் நிற்கிறது.
பாதி என்னுடையது.
மற்றப் பாதி பஸ்தியானுடையது என்று
கிளிநொச்சி லீசிங் கந்தோர்க் கடதாசி சொல்கிறது.

அந்தக் கடதாசியில் மதம் என்றொரு கட்டம்.
அவன் நிரப்பினான்.
நான் ஒரு கோடு இழுத்தேன்.
கந்தோர்ப் பெட்டை என் பெயரைத் திருப்பி வாசித்துவிட்டு
கோட்டின் மேலேயே 'இந்து' என்று எழுதிக்கொண்டாள்.
வெறுமையாக விட்டால் கணினி எடுக்காதாம்.

திறப்பைத் திருகுமுன் அவன் சிலுவை போடுவான்.
'பற்றரி ஒரு பாவமும் செய்யேல்லையடா' என்பேன்.
சிரிப்பான்.
முதல் இரண்டு மாதம் சிரித்தான்.

காலபோகம் உழுது முடிந்த கையோடு
இடது மட்காட்டில் எழுதுவித்தான்:
இயேசு காப்பாற்றினார்.
'பாதி என்ர' என்றேன்.
'அதுதான் பாதியிலை எழுதினனான்.
உன்ர பக்கம் நீ எழுது, ஆர் மறிச்சது?'

ஜெயபுரம் சந்திப் பெயின்ரர்
எழுத்துக்கு நாற்பது ரூபா கேட்டான்.
கடவுள் இல்லை.
ஏழு எழுத்து.
அதில் நாலு அவருக்கே போனது.
இல்லை என்று சொல்வதற்கும்
முதலில் அவரைத்தான் எழுதவேண்டியிருந்தது, காசும் கொடுத்து.

சோற்றுப் பார்சலோடு வரும் றோசலின்
என் பக்கத்தைத் தவிர்த்து
வரம்பால் சுற்றிப் போனாள்.
பிள்ளையார் கோயில் வயலை உழக் கேட்டபோது
இரண்டு பக்கமும் பிழை என்றார் பரிபாலனசபைத் தலைவர்.

உண்மையில் என் கோபம் பெயின்றோடு இல்லை.

வெள்ளிக்கிழமைச் செபக் கூட்டத்தில்
ஒலிபெருக்கியில் அவன் சாட்சியம் சொல்வான்:
'மாத்தளனிலை ஒரு பங்கருக்குள்ளை ஆறு பேர்.
நான் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனான்.
ஆண்டவர் எங்களை வெளியிலை கொண்டுவந்தார்.'

ஏழு பேர் இருந்தோம்.
என் தம்பி குகதாசன், பதினேழு வயது.
ஒருநாளும் கோயில் வாசல் மிதியாதவன்,
எட்டு நாள் கேட்டுக் கேட்டுப் பாடமாகி
ஒவ்வொரு மணிக்கும் பின்பாதியை அவன்தான் சொன்னான்,
பஸ்தியானை விடச் சத்தமாக.
பிறகு தண்ணிக் கானோடு மேலே ஏறினான்.

'நான் நம்பிறதைச் சொல்லக் கூடாதோ?'
'சொல்லு. என்னை அந்த ஆறுக்குள்ளை வைச்சுச் சொல்லாதை.'
'நீ உயிரோடதானே நிக்கிறாய்!'

ஒரு வெள்ளி
செருப்போடு உள்ளே போய்க் கேட்டேன்:
'ஏழாவது ஆளை ஆர் கைவிட்டது?'
ஒலிபெருக்கிக்கு ஆள் வித்தியாசம் தெரியாது.
என் குரலையும் வயல் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டது.
பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள்.
அவளுக்கும் ஒரு எண்ணிக்கை இருந்திருக்கும்,
நான் அதை நினைக்கவில்லை.
பங்குச் சுவாமி வயரைப் பிடுங்கினார்.

வேம்படியில் நின்று பஸ்தியான் சொன்னான்,
எனக்கு மட்டும் கேட்க:
'அவனைச் சொன்னா
சாட்சியத்தை முடிக்கேலாது மச்சான்.'

அடுத்த கிழமை யாரோ என் 'இல்லை'யைக்
கல்லால் சுரண்டியிருந்தார்கள்.
எட்டு நாள் நான் 'கடவுள்' என்று ஊர் முழுக்க உழுதேன்.
சந்தியில் சிரித்தார்கள்.
பிள்ளையார் கோயில் தலைவர் ஆள் அனுப்பினார்,
இப்ப பாதி சரியாம், வரட்டாம்.

ஒன்பதாம் நாள் விடிய
சுரண்டிய இடத்தில் பச்சைப் பெயின்ற்,
படலைக்குப் பூசுகிற மலிவுச் சாமான்,
ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட எழுத்து:
இல்லையே.
ஒரு எழுத்துக் கூடிப்போயிருந்தது.
பிழையா, கேள்வியா என்று நான் கேட்கவில்லை.
திறப்பைத் தந்த விரலின் நகக்கண்ணில்
பச்சை இருந்தது.

இந்த வெள்ளியும் சாட்சியம் உண்டு.
இந்த வெள்ளியும் ஆறு என்றுதான் சொல்வான்.
நான் றோட்டில் எஞ்சினை நிறுத்தாமல்
இரைய விட்டுக்கொண்டு இருப்பேன்.

பத்தாம் திகதி தவணை.
இரண்டு கையெழுத்தும் வேணும்.